எழுகோணம்

கீழக்கரைக்குத் திரவ நைட்ரஜன்
கால்நடை ஆஸ்பத்திரிக்குத்தான் வரும்,
செவ்வாய்தோறும், காளை விந்துக் குச்சிகளைக் குளிரில் வைக்க,
மூடி இலேசாகச் சீழ்க்கையடிக்கும் கேனில்.
டாக்டர் பூவலிங்கத்திடம் இரண்டு லிட்டர் கடன் கேட்டேன்.
"எதுக்கு ஹாஜரா மேடம்?"
"ஒன்றைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க."
மேலே கேட்கவில்லை,
கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார்.
எனக்கு முன் கையெழுத்துகள் எல்லாம் பசுக்களுக்காக.

நிறுத்தி வைக்க வேண்டியதன் பெயர் நைட்ரீன்.
ஃபினைல் அசைடில் மூன்று நைட்ரஜன் வரிசையாக நிற்கும்,
படகுத்துறையில் கிளம்ப நேரம் பார்ப்பவர்கள் மாதிரி.
ஒளி பட்டதும் இரண்டு கைகோத்துப் போய்விடும்.
காற்றில் முக்காலுக்கு மேல் அவர்கள் சொந்தம்தான்,
தேட வேண்டாம்.
மிஞ்சும் ஒற்றை,
ஆறு எலக்ட்ரானோடு, எட்டுக்கு இரண்டு குறைந்து,
ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக நறுக்கினால்
ஒரு துண்டு நேரம் இருக்கும்.

அதைப் பார்க்கும் லேசர் எங்கள் கல்லூரியில் இல்லை.
கேட்டு எழுதிய கடிதத்துக்கு வயது மூன்று.
பார்க்க வழியில்லாததைப்
பொறி வைத்துத்தான் பிடிக்கணும்.

இரை: டைஎத்தில் அமீன்.
புட்டியைத் திறந்ததும் மாணவிகள் ஜன்னலுக்கு ஓடினார்கள்.
ஆய்வக உதவியாளன் ஜெபமாலை அசையவில்லை. ஊர் மூக்கையூர்.
"மேகம் போட்ட நாள்ல காயாத கருவாடு, மேடம்," என்றான்.
அவன் அண்ணன் பார் ஓரம் கூடு இறக்குகிறவர்.
"கூட்டுக்குள்ள மீன் போறத யாரும் பார்த்ததில்ல.
காலையில கயிறு கனக்கும், அவ்வளவுதான்."

விளக்கைப் போட்டோம்.
குடுவையில் குமிழ்கள். போகிறவர்கள் போகிறார்கள்.
இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது,
மூன்று பத்துக்கு வந்தது,
குமிழ்களுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

சாயங்காலம் பழுப்புக் குழம்பு.
பிரித்து, மதுரைக்கு அனுப்பி, பதினோரு நாள் காத்து,
தாள் வந்தது.
பிடிபட்டது நைட்ரீன் இல்லை.
இரையைக் கடித்தது அது ஆகிப்போன இன்னொன்று.
தனியாக நின்றதைப் பார்த்து
ஆறு கார்பன் வளையம் ஓரிடத்தில் பிரிந்து
உள்ளே இடம் விட்டிருக்கிறது.
ஏழு கோணமாகிவிட்டது,
எங்கள் விளக்கின் கீழ், எங்களுக்குத் தெரியாமல்.
பொறி பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு
அது பதிலும் சொல்லவில்லை.

அதனால்தான் அந்தக் கேன்.
கழற்றிவிட்டுப் போன நைட்ரஜனே
இப்போது திரவமாகச் சுற்றி நின்று
விட்டுப்போனதை இறுகப் பிடித்தது.
அந்தக் குளிரில் விரிய முடியாது, ஓட முடியாது.
இரண்டு எலக்ட்ரான் ஆளுக்கொரு அறையில்
ஒரே திசை பார்த்து நின்றன.
கண்ணாடிக்குள் மங்கலாக ஒரு மஞ்சள் என்று எழுதினேன்.
"மஞ்சளா? எனக்குத் தெரியல," என்றான் ஜெபமாலை.
அதையும் எழுதினேன்.

ஐந்து மணிக்கெல்லாம் நைட்ரஜன் கொதித்துத் தீர்ந்தது.
புகை மேசையிலிருந்து வழிந்து
ஜெபமாலையின் செருப்பைத் தொட்டு மறைந்தது.
உறை இளகியதும்
தனித்தனியாகக் கிடந்தவை ஒன்றையொன்று கண்டுபிடித்தன.
குழாயின் அடியில் ஆரஞ்சு நிறம்.
இதில் எங்களுக்குள் சந்தேகமில்லை.

காலிக் கேனைத் திருப்பிக் கொடுத்தேன்.
மூன்று முறை சோப்புப் போட்டும்
கையிலிருந்து அமீன் போகவில்லை.
ஏர்வாடி பஸ்ஸில், காலடியில் பனங்கூடையோடு இருந்த பெண்
மூக்கைச் சுருக்கி என் பக்கம் திரும்பினார்.
"காரலா, நகரையா?"
"மீன் இல்லைம்மா. காலேஜ் வேலை."
நம்பவில்லை.
கூடையைக் காலால் ஒதுக்கி
உட்கார இடம் விட்டார்.